ஒரே உலை, இரண்டு மருந்துச் சீட்டு: டெல்டா குடும்பம் ஒன்றின் சமையல் மாற்றம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே உள்ள ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் நன்செய், ஒரு கறவை மாடு, கொல்லையில் இரண்டு முருங்கை, நான்கைந்து வாழை. வீட்டில் ஐந்து பேர்: 58 வயது அம்மா, 64 வயது அப்பா, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். அடுப்படியில் நிற்பவர் மருமகள். என்ன சமைப்பது, எவ்வளவு உலை வைப்பது என்பதை முடிவு செய்பவர் மாமியார்.

அம்மாவுக்கு ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எடை 74 கிலோ, உயரம் 152 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம். வலி மிகுந்தால் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். எப்போதாவது என்றுதான் முதலில் சொன்னார். துருவிக் கேட்டபோது வாரத்தில் நாலைந்து நாள் என்று தெரிந்தது. சர்க்கரை உள்ளவர் இந்த மாத்திரையை இப்படித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடலாம். வலி மாத்திரையைக் குறைப்பதே முதல் நோக்கமாக வைக்கப்பட்டது.

அப்பாவுக்கு ஏழு ஆண்டுக்கு முன் இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். செயற்கை வால்வில் இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒருமுறை, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனை; எண் குறைந்தால் இரத்தம் சீக்கிரம் உறைகிறது என்று பொருள்; அது 2.5-க்கும் 3.5-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது அவருடைய இதய மருத்துவர் வகுத்த எல்லை.

எங்களிடம் உணவு ஆலோசனைக்கு வந்தவர் அம்மா மட்டும். அவருடைய மருந்துச் சீட்டு மட்டுமே பார்க்கப்பட்டது.

வருவதற்கு முன்பே செய்து பார்த்தவை

மூட்டு வலிக்கு அழற்சியைக் குறைக்கும் உணவு நல்லது என்று கைப்பேசிக் காணொளிகளில் பார்த்து, வீட்டிலேயே இரண்டு ஏற்பாடுகள் தொடங்கியிருந்தன.

ஒன்று, இரவில் மஞ்சள் பால். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. அப்பாவுக்கும் அதே டம்ளர். மஞ்சள்தூளின் எடையில், அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி 3 கிராம் என்றால் கிடைப்பது 90 மில்லிகிராம். மூட்டு வலி ஆய்வுகளில் கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் 500 மில்லிகிராமும் அதற்கு மேலும். மிளகும் கொழுப்பும் சேர்ந்தால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் சர்க்கரை உள்ளவர் படுக்கப் போகும் நேரத்தில் 10 கிராம் சர்க்கரையைக் குடிப்பதும் உண்மை.

இரண்டாவது, கருப்பு கவுனி என்ற பாரம்பரிய அரிசி. கிலோ விலை வீட்டு அரிசியைப் போல மூன்று மடங்கு. எட்டு மணி நேரம் ஊற வேண்டும், வேக இரட்டிப்பு நேரம், அம்மாவுக்கு மட்டும் தனிக் குக்கர். மருமகளுக்கு இது இரண்டாவது சமையல். ஒரு மாதத்தில் டப்பா பரணுக்குப் போய்விட்டது. கவுனியில் நிறமியும் நார்ச்சத்தும் உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டில் சோற்றின் நிறம்தான் மாறியது, அளவு மாறவில்லை.

சமையலறையில் கண்டது

ஆடிக் கடைசியில் ஒரு வாரம், உலை வைக்கும் முன்பு அரிசியையும் ஊற்றும் முன்பு எண்ணெயையும் அளந்து எழுதச் சொல்லப்பட்டது. வீட்டு ஆழாக்கு தலைதட்டி 140 கிராம் பிடித்தது. ஒரு நாளைக்குப் பத்து ஆழாக்கு, அதாவது 1.4 கிலோ. இட்லி மாவு அரிசி இதில் சேரவில்லை. அம்மாவின் தட்டில் விழுந்த சோறு மதியம் 450 கிராம், இரவு 300 கிராம். இவ்வளவு சோற்றில் மாவுச்சத்து மட்டும் சுமார் 210 கிராம்.

இந்த அளவு எப்படி வருகிறது என்பது தட்டைப் பார்த்ததும் விளங்கியது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை; மூன்று முறையும் சோறு புதிதாக விழுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். அதனால்தான் "நான் அதிகமா சாப்பிடறதில்லையே" என்று அவர் சொன்னதில் பொய்யில்லை.

பருப்பு? ரேஷனில் வாங்கும் துவரம் பருப்பு ஒரு கிலோ, மாதம் முழுவதற்கும். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 கிராம் கூடத் தேறாது. இத்தனைக்கும் இவர்கள் வயலில் சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பே நெற்பயிரின் ஊடே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறார்கள். பங்குனியில் பயறு எடுத்ததும் களத்திலிருந்தே வியாபாரிக்குப் போய்விடும். விளைவிப்பவர் வீட்டில் பயறு இல்லை. டெல்டாவில் பல வீடுகளில் இதுதான் கணக்கு.

எண்ணெய் மாதம் 6 லிட்டர்: ரேஷன் பாமாயில், கடலை எண்ணெய், செக்கு நல்லெண்ணெய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்குக் கொழுப்பும் எண்ணெயும் சேர்த்து 27 கிராம் என்றுதான் இருக்கிறது. செக்கெண்ணெய் உடம்புக்கு நல்லது என்பதற்காகக் கூடுதலாகவே ஊற்றியிருந்தார்கள்.

அளவைவிடக் கவலை தந்தது அடுப்பு மேடை ஓரத்தில் இருந்த எவர்சில்வர் தூக்கு. வடை, அப்பளம், மீன் வறுத்த எண்ணெயை வடிகட்டி அதில் வைத்து, அடுத்த வறுவலுக்கு எடுத்து, குறைந்தால் புதுசு சேர்ப்பது. அடி எண்ணெய் ஒருபோதும் காலியாவதில்லை. கடைகளில் பொரிக்கும் எண்ணெய்க்கு, சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி உண்டு. வீட்டில் அதை அளக்கக் கருவியில்லை, கண்ணும் மூக்கும்தான். நிறம் கருத்து, கரண்டியிலிருந்து கொழகொழவென்று இறங்கி, மேலே நுரை கட்டி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் அது கெட்ட எண்ணெய். இந்தத் தூக்கில் நாலும் இருந்தன.

உப்பு மாதம் ஒன்றரைக் கிலோ. காபி நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை; அதுவே 40 கிராம். இவை எங்கும் உள்ளவைதான், விரிக்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தனிச் சமையல் கிடையாது என்பது முதல் முடிவு. கவுனி கற்றுத் தந்த பாடம் அது. ஐந்து பேருக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு. தட்டில் மட்டும் அளவு மாறும்.

அரிசி பத்து ஆழாக்கிலிருந்து ஏழு. ரசமும் மோரும் டம்ளரில் குடிப்பது. சோறு குழம்புக்கு மட்டும். அம்மாவுக்கு மதியம் 250, இரவு 150 கிராம் சோறு. தட்டில் முதலில் கூட்டும் பொரியலும், அவை பாதி தீர்ந்த பிறகே சோறு. காயும் பயறும் முன்னே போனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது தணியும். "சோத்தக் கொறச்சா ஒடம்புல தெம்பு எங்கேருந்து வரும்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குறைத்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் நாலு மணிக்குப் பசித்து முறுக்கு டப்பா திறக்கும். அதனால்தான் அரிசி குறைந்த அன்றே பயறு நுழைந்தது: ஐந்து பேருக்கு 150 கிராம், கூட்டாகவோ சுண்டலாகவோ.

சோற்றை இப்படிக் குறைத்தால் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது. வலி மாத்திரைக்கும் அவரே மாற்று எழுதினார். தொடைத் தசைக்கான பயிற்சியும் அப்போதே தொடங்கியது.

எண்ணெய்க்கு ஒரே ஏற்பாடு: காலையில் 125 மில்லி அளந்து ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிவிடுவது. நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். தாளிப்புக்கும் பொரியலுக்கும் கடலை எண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய். தூக்கு காலி. பொரிப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றி; மிஞ்சியது மறுநாள் தாளிப்போடு தீர வேண்டும்.

மீன் புதனும் ஞாயிறும், மத்தியோ கானாங்கெளுத்தியோ. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனில் விலை குறைந்தது பெரும்பாலும் மத்திதான். அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில்தான் மிகுதி. விலை கூடிய வஞ்சிரத்தைத் தேட வேண்டியதில்லை. முழு மீன் 600 கிராம், வறுக்காமல் குழம்பாக. வறுத்துத்தான் வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால் தோசைக்கல்லில் வாழையிலை விரித்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில். யூரிக் அமிலம் கூடியவருக்கு மத்தி ஆகாது என்பதால் அம்மாவுக்கு அதையும் முதலிலேயே சோதித்தார்கள், அளவுக்குள் இருந்தது.

மஞ்சள் குழம்பிலும் கூட்டிலும் இருக்கட்டும், பால் வேண்டாம் என்றானது. பாக்கெட் தூளுக்குப் பதில் விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பது. தூளில் நிறத்துக்காக ஈயக் கலப்படம் செய்வது உண்டு.

கொல்லையில் முருங்கை இருக்க, கீரை தினமும் என்று எழுதப்பட்டது. உருவிய இலை நாளொன்றுக்கு 250 கிராம். அதுவரை அந்த வீட்டில் கீரை வாரம் ஒரு நாள்.

முருங்கைக்கீரைப் பயறு கூட்டு

அதிகம் சமைத்ததும் அதிகம் சொதப்பியதும் இதுதான் என்பதால் முழுமையாகத் தருகிறோம். இங்குள்ள கீரை அளவு பிறகு திருத்தியது.

முழுப் பச்சைப்பயறு 150 கிராம், ஆறு மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். வாயுத் தொல்லை குறையும். பயறுக்கு இரு மடங்கு தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள், நான்கு பல் பூண்டு, குக்கரில் இரண்டு விசில். மூன்றாவது விசிலில் குழைந்துவிடுகிறது. குழைந்த பயறைப் பேரன் தொடவில்லை. பயறு பயறாக இருந்த அன்று இரண்டு முறை கேட்டு வாங்கினான்.

உருவிய கீரை 100 கிராம். காம்பு சேர்ந்தால் நார் நாராக வாயில் நிற்கும். முருங்கையில் அவசரப்பட்டால் சாப்பிடும்போது தெரிந்துவிடும். கீரை குக்கருக்குள் போகக் கூடாது. முதல் வாரம் நேரம் மிச்சமென்று பயறோடு சேர்த்து மூடியதில் கீரை கருத்துக் கசந்தது. பயறு வெந்து குக்கரைத் திறந்த பிறகு கீரையைப் போட்டு, மூடாமல், நடுத்தணலில் ஐந்து நிமிடம். பச்சை நிறம் நிற்க ஆப்பசோடா போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது சில வைட்டமின்களை அழிக்கும், சோடியமும் ஏறும்.

தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. இவற்றைக் கொரகொரப்பாக அரைத்து ஊற்றி ஒரு கொதி. உப்பு கடைசியில்; கீரை சுருங்கும் முன் கண் அளவில் போட்டால் கூடிவிடும். தாளிப்புக்கு எண்ணெய் மூன்று தேக்கரண்டி போதும்: கடுகு, பெருங்காயம், சின்ன வெங்காயம் பத்து. வெங்காயம் பொன்னிறமாகும் வரை பொறுத்தால் எண்ணெய் குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

ஆவணிக் கடைசி: அப்பாவின் சோதனை

நான்காவது வாரம் அப்பாவின் வழக்கமான ஐ.என்.ஆர். சோதனை நாள். முந்தைய மாதம் 2.9. இப்போது 1.8.

உடம்பில் ஒரு மாற்றமும் அவர் உணரவில்லை. சோதனை நாள் இன்னும் இரண்டு வாரம் தள்ளியிருந்தால் தெரிந்திருக்காது. செயற்கை வால்வில் இரத்தக் கட்டி படிந்தால் முதல் அறிகுறியே பக்கவாதமாக இருக்கலாம். மாத்திரை தவறியதா என்று இதய மருத்துவர் கேட்டார். தவறவில்லை. சாப்பாட்டில் என்ன மாற்றம் என்று கேட்டபோது மருமகள்தான் சொன்னார்: "கீரை தெனமும் பண்றோம் டாக்டர், அத்தைக்காக. மாமாவும் அதான் சாப்புடுறாங்க."

கீரைகளில், குறிப்பாக முருங்கையில், வைட்டமின் கே மிகுதி. வார்ஃபரின் வேலை செய்வது அந்த வைட்டமினுக்கு எதிராகத்தான். வாரம் ஒரு நாள் கீரைக்கு ஏற்ப வகுத்த மாத்திரை அளவு, தினசரிக் கீரைக்குப் போதாமல் போனது. மஞ்சள் பால் நின்றதும் ஒரு பங்கு ஆற்றியிருக்கலாம். மஞ்சள் எதிர்த்திசையில், இரத்தத்தை இளக்கும் பக்கம் போகக் கூடியது என்பதால்தான் வார்ஃபரின் சாப்பிடுபவர் மஞ்சளில் செய்த குர்குமின் மாத்திரைகளைத் தொடக் கூடாது என்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வீட்டில் எழுந்த முதல் பேச்சு, இனி மாமாவுக்குக் கீரையே வேண்டாம் என்பது. மருத்துவர் அதை ஒப்பவில்லை. அடியோடு நிறுத்தினால் ஐ.என்.ஆர். எதிர்ப்பக்கம் பாய்ந்து இரத்தக் கசிவில் முடியலாம். கீரை கூடாது என்பதல்ல. ஏறி இறங்கக் கூடாது. வாரம் மூன்று நாள், திங்கள், வியாழன், சனி, ஒவ்வொரு நாளும் உருவிய இலை 100 கிராம் ஐந்து பேருக்கும் சேர்த்து. அந்த அளவுக்கு ஏற்ப மாத்திரையை அவர் திருத்தினார். ஒரு வாரத்தில் மறு சோதனை, பிறகு வாரம் ஒருமுறை. மூன்றாவது சோதனையில் 2.7.

மற்ற நாட்களுக்கு வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரை, புடலை, சுரை.

புரட்டாசியும் மழையும்

புரட்டாசியில் மீன் நின்றது. அந்த மாதம் முழுவதும் இட்லிப் பொடியில் ஆளிவிதை: வறுத்துப் பொடித்தது, ஆளுக்கு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி. ஆளிவிதையின் ஒமேகா-3 மீனில் உள்ளது போலல்ல. உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மீன் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது. பொடித்து வைத்தால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். வாரத்துக்கு வாரம் பொடிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை ஏறி, பயிற்சியும் தடைப்பட்டு, எண்ணெய்ப் பாட்டில் ஒழுங்கு குலைந்தது. தீபாவளிப் பலகாரம் பத்து நாள் ஓடியது. எடை ஒரு கிலோ திரும்ப ஏறியது. சுண்டலும் வாழைத்தண்டும் மட்டும் நிற்கவில்லை. இரண்டுக்கும் காய்ச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை.

தையில் நிலை

ஆறாவது மாதம் அம்மாவின் எடை 69.5 கிலோ. மூன்று மாதச் சராசரி 7.3. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனை அளவு 6.8-லிருந்து 3.9. வலி, பத்துக்கு ஏழு என்று சொன்னவர் நான்கு என்றார். டைக்ளோஃபெனாக் முற்றிலும் நின்றுவிட்டது. மருத்துவர் எழுதிய மாற்று மாத்திரை மாதத்தில் இரண்டு மூன்று நாள். பாமணி ஆற்றுப் பாலம் வரை நடந்து திரும்புகிறார். தரையில் சம்மணமிட்டு உட்கார இன்னும் முடியாது. தேய்ந்த குருத்தெலும்பைச் சாப்பாடு வளர்க்காது.

இந்த முன்னேற்றத்தை மஞ்சளுக்கோ மத்திக்கோ எழுதிவைக்க இடமில்லை. உடல் கொழுப்பு குறைந்தாலே சி.ஆர்.பி. இறங்கும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது; நாலரைக் கிலோவுக்கு அது பதினெட்டு. தொடைப் பயிற்சியின் பங்கும் சிறிதல்ல. சமையலில் பெரிய வேலை செய்தவை உலை அளவும் பயறும் காலியான எண்ணெய்த் தூக்கும் என்பது எங்கள் கணிப்பு. மசாலாப் பொருள்கள் அந்தச் சாப்பாட்டை ருசியாக்கித் தொடர வைத்தன, அதுவும் வேலைதான்.

எண்ணெய் மாதம் 4 லிட்டருக்கு வந்தது. உப்பு ஒரு கிலோவில் நிற்கிறது. ஐந்து பேருக்கு 750 கிராம் என்ற இலக்கு எட்டவில்லை. ஊறுகாய் ஜாடி மேசையில் இருக்கும் வரை எட்டாது.

மாற வேண்டியவை

ஒருவருக்கு உணவு முறை எழுதும்போது, அந்த உலையில் சாப்பிடும் எல்லோருடைய மருந்துச் சீட்டையும் முதல் நாளே கேட்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, சர்க்கரை இறக்கும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "வீட்டில் வேறு யாருக்காவது ஏதாவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், ஏழு வருடமாகச் சாப்பிடும் மாத்திரையை யாரும் நோயாக நினைப்பதில்லை.

வார்ஃபரின் உள்ள வீட்டில் கீரையைக் கூட்டுவதானால் இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கூட்டிய ஒரு வாரத்திலேயே சோதனை வைக்க வேண்டும். மாதச் சோதனை வரை காத்திருக்கக் கூடாது.

ஆலோசனைக்கு மருமகளையும் முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். அளவுகள் மாமியாரிடம் சொல்லப்பட்டு, மருமகளுக்கு வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தன. கீரையை முதல் வாரம் குக்கரில் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் மத்தி குறைந்து விலை ஏறும். அதற்கு இப்போதே நெத்திலிக் கருவாடு என்று வீட்டில் பேச்சு. உப்பைக் கருதி அது வேண்டாம், முட்டையும் ஆளிவிதைப் பொடியும் என்று முடிவாகியுள்ளது. பங்குனியில் எடுக்கும் பச்சைப்பயறில் 40 கிலோவை வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்கிறார்கள். முழுப்பயறில் வண்டு விழும் என்பதால் பாதியை உடைத்துப் பருப்பாக்கி, மீதியை நன்றாகக் காயவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் கொட்டி எடுக்க வேண்டும்.